சேஷகிரி ஏற மாட்டேங்கற வண்டி

...அதத் தானே சொல்ல வரேன், வண்டி பாக்க வர்றவா எல்லாரும் இதே தப்பத் தான் பண்றா! வந்ததும் வராததுமா நேரா ஸ்டியரிங் முன்னாடி போய் உக்காந்துக்கறது. இல்ல இளங்கோவன், நீங்க இடது பக்கம் ஏறுங்கோ. முதல் ரவுண்டு நான் தான் ஓட்டுவேன். ஓட்டறவனுக்கு எந்த வண்டியும் சுகமாத் தான் இருக்கும். பள்ளம் வரது அவனுக்கு முன்னாடியே தெரியும், உடம்ப இறுக்கிப்பான், பிடிச்சுக்க ஸ்டியரிங் இருக்கு. பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துண்டு வரானே, அவன் தான் அவஸ்தைப் படறான். வண்டி சுகமா இருக்கான்னு அவனைக் கேக்கணும். ஆங், உக்காருங்கோ. பெல்ட். கால் கிட்ட தாம்பாளம் இருக்கு, மிதிச்சுடாதீங்கோ. நடுவுல டம்ளர், டம்ளர்ல விளிம்பு வரைக்கும் தண்ணி. எதுக்குன்னு சொல்றேன்.

கீழ என்ன டயரையே பாத்துண்டு நின்னீங்க? டயர்லாம் நன்னா இருக்கு. பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தான் ஓடியிருக்கு, வண்டியோட வந்த டயர், ஒண்ணு கூட மாத்தல. என்னமோ சொல்ல வாயெடுத்தீங்களே... சரி, அப்புறம் சொல்லுங்கோ, வாட்ச்மேன் ஸ்கூட்டர குறுக்க நிறுத்தியிருக்கான். ஸ்வல்ப சைடிகே ஹாகப்பா! கன்னடத்துல சொன்னாத் தான் ஓரம் கட்டுவான். ஜெயநகர்ல எல்லாருக்கும் ரெண்டு கார், நிறுத்த எடம் அரை கார். இதெல்லாம் எங்க போய் சொல்றது.

முதல்லயே சொல்லிடறேன், நான் குறைய மறைச்சு விக்கற ஆள் இல்ல. முப்பத்தோரு வருஷம் எடையளவு இலாகாவுல இன்ஸ்பெக்டரா இருந்தவ. ஜெயலக்ஷ்மி மேடம் வராங்கன்னா சிவாஜிநகர் மார்க்கெட்டுல பாதி தராசு தானாவே நேராயிடும்! ஒரு கறிக்கடைக்காரன் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டி வெச்சிருந்தான், தெரியுமோ? கைய விட்டு எடுத்தேன். எங்காத்துல நாங்க கறி பக்கமே போறதில்ல, ஆனா வாங்கறவனுக்குக் கால் கிலோன்னா கால் கிலோ வரணுமோல்லியோ! அன்னிக்கு அவன் என்னப் பாத்த பார்வை இருக்கே... அது கெடக்கட்டும். அப்பேர்ப்பட்டவ இப்ப ஒரு வண்டிய விக்கறேன்னா, குறைய எல்லாம் எண்ணி எண்ணிச் சொல்லிட்டுத் தான் விப்பேன். எஞ்சின் அருமை. ஏ.சி. அருமை. மைலேஜ் பரவால்ல. குறை ஒண்ணே ஒண்ணு தான். இதோ... வருது பாருங்கோ, முதல் ஸ்பீட் ஹம்ப்... பிடிச்சுக்கோங்கோ...

பாத்தீங்களா! பாத்தீங்களா! எலும்பு எண்ணிக்கை எடுத்துடும். ஹம்ப்ப தாண்டினதும் வண்டி எறங்கிடுத்து, நம்ம உசிரு தான் இன்னும் மேலயே இருக்கு. இத்தனைக்கும் பதினஞ்சு ஸ்பீடுல தான் போறேன். தாம்பாளத்துல எவ்வளவு சிந்தித்து? நெறயவே இருக்குமே. எங்காத்துல அளவு குழாய் இருக்கு, கண்ணாடிக் குழாய், மில்லி கோடு போட்டது, திரும்பிப் போனதும் அதுல ஊத்திப் பாத்துடலாம். ஆபீஸ்லேர்ந்து கொண்டு வந்தது இல்ல, என் சொந்தக் காசுல வாங்கினது.

இந்த வண்டி வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு வண்டி டெஸ்ட் ட்ரைவ் பாத்தேன். அஞ்சுக்கும் இதே டம்ளர், இதே தாம்பாளம், இதே ரூட். எங்காத்துலேர்ந்து டெய்ரி சர்க்கிள், அடுகோடி சிக்னல், அப்புறம் விவேக் நகர் சர்ச் வரைக்கும் போய்த் திரும்பி. மொத்தம் பதினாலு ஹம்ப். வியாழக்கிழமை மட்டும் போகப்படாது, குழந்தை ஏசு கோவில் கும்பல்ல வண்டி நகரவே நகராது, சொட்டுத் தண்ணி சிந்தாது, டெஸ்ட்டு செல்லாது. அந்த ஷோரூம் பசங்க முகத்தப் பாக்கணுமே! மேடம், சஸ்பென்ஷன் அப்படி, மேடம், டார்க் இப்படின்னு நீட்டி முழக்குவான். நான் தாம்பாளத்த எறக்கி வெப்பேன். அவ்வளவு தான், வாய் மூடிண்டுடும்.

முதல் வண்டி என்னடான்னா, பஞ்சு மெத்தை. ஹம்ப்புல ஏறித்துன்னா தாண்டினப்புறமும் மூணு தரம் ஆடறது. எங்காத்துக்காரருக்குத் தலை சுத்திடுத்து. மெத்து மெத்துன்னு இருந்தா சுகம்னு நெனச்சுக்கறா எல்லாரும். இல்ல! ஏறணும், எறங்கணும், அதோட அடங்கணும். ரெண்டாவது வண்டில சீட்டு தொடைல பாதிக்குத் தான் வரது, மீதித் தொடைய நாமளே தூக்கிப் பிடிச்சுண்டு உக்காரணும். மூணாவதுல பின் சீட்டு, முட்டி வந்து தாடைல இடிக்கறது. நாலாவது... அது தான் எங்க ஹர்ஷா சொன்ன வண்டி. ஸ்ரீஹர்ஷா, என் பிள்ளை, பூனால இருக்கான். அம்மா, இதையே வாங்கு, மேல சன்ரூஃப் இருக்குன்னான். அந்த சேல்ஸ் பையன் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அழைச்சுண்டு போய், மேடம் இங்க பாருங்கன்னு கூரையத் தொறந்தான். பஸ் புகை, ரோடு தோண்டற தூசி, மீன் கடை வாசனை, எல்லாம் டிக்கெட் எடுக்காம உள்ள வந்துடுத்து! அதுக்கு ஒரு லட்சம் ஜாஸ்தி. எங்காத்து மொட்டை மாடில நின்னா காசே இல்லாம ஆகாசம் தெரியறது.

ஹர்ஷா ரிவ்யூ வீடியோ வேற அனுப்புவான். அந்த ரிவ்யூ பண்றவா எல்லாரும் ஏதோ மலை மேல, ஒரு ஈ காக்கா இல்லாத ரோட்டுல தொண்ணூறுல பறந்துண்டு, ஆஹா என்ன சுகம்ங்கறா. எனக்கெதுக்கு மலை? நான் இருக்கறது டெய்ரி சர்க்கிள்ல, பன்னெண்டு ஸ்பீடுல. மெதுவாப் போறச்சே குழி தெரியாம இருக்கணும், அது தான் எனக்கு வேணும்... ஏய்! ஏய்! இண்டிகேட்டர் போடாம வரான் பாருங்கோ இந்த ஆட்டோக்காரன்! நோடிகொண்டு ஹோகப்பா!

என்ன, ஏதாவது கேட்டீங்களா? காத்தா? ஏ.சி. காத்து தானே, உங்க பக்கம் அந்தப் பட்டனத் திருப்புங்கோ... இல்லையா? சரி, இருங்கோ, அஞ்சாவது வண்டிய முடிச்சுடறேன்.

அஞ்சாவது தான் இது. இருபத்திரண்டு மில்லி! பதினாலு ஹம்ப்புக்கும் சேத்து மொத்தமே இருபத்திரண்டு. நானே நம்பல, இன்னொரு தரம் ஓட்டச் சொன்னேன். ரெண்டாவது தரம் இருபது. அதுவும் டாப் மாடல் கூட இல்ல, நடு மாடல். ஆன் ரோடு பதினேழு லட்சம். டாப் மாடலுக்கும் இதுக்கும் ரெண்டரை லட்சம் வித்யாசம், அதுக்கு என்ன குடுக்கறான்? சன்ரூஃப், பெரிய சக்கரம், சீட்டுக்குள்ளேர்ந்து காத்து, டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு டாஷ்போர்டுல காட்டற வசதி. எல்லாம் சும்னே, சும்மா பகட்டு! சக்கரம் பெருசாச்சுன்னா ரப்பர் சன்னமாயிடும், குழி இன்னும் நன்னா தெரியும். அதுக்கு நாமளே காசும் குடுக்கணுமா? நடு மாடல் தான் காசுக்குத் தகுந்த வண்டின்னு நான் அன்னிக்கு ஹர்ஷாவுக்கு முக்கால் மணி நேரம் போன்ல வெளக்கினேன். பாதிலயே கட் ஆயிடுத்து. சிக்னல் சரியில்ல.

வாங்கினது எதுக்குன்னா... இவருக்காகத் தான். சேஷகிரி. பேர் சொல்லிக் கூப்பிடறேனேன்னு பாக்காதீங்கோ, கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்து பழகிடுத்து. அவரும் கவர்மென்ட் தான், அரசாங்க அச்சகத்துல ப்ரூஃப் ரீடர். நாள் பூரா தலையக் குனிஞ்சு எழுத்துப் பிழை பாத்துப் பாத்து முதுகுல டிஸ்க் நகந்துடுத்து. டாக்டர் ஸ்கூட்டரத் தொடவே கூடாதுன்னுட்டார். வாழ்க்கை பூரா ஸ்கூட்டர் தான் எங்களுக்கு. அவர் ஓட்டுவார், நான் பின்னாடி உக்காந்து பேசிண்டே வருவேன். ஹெல்மெட்டப் போட்டுண்டு, தலைய மட்டும் ஆட்டிண்டே ஓட்டுவார். ரிடையர் ஆனப்புறம் ஊர் ஊராப் போலாம்னு பேசி வெச்சிருந்தோம். மேல்கோட்டை, சோம்நாத்பூர், தலக்காடு... லிஸ்ட்டே போட்டு வெச்சிருந்தார், அவர் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அதனால தான் நான் அறுபது வயசுல ட்ரைவிங் கத்துண்டேன். நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல சுகமா சாஞ்சுக்கோங்கோன்னேன்.

வண்டி வந்துது. ஷோரூம்ல ஓடின வண்டி இல்ல இது, இளங்கோவன்! சத்தியமாச் சொல்றேன். எடுத்துண்டு வந்து மூணாம் நாள் டம்ளர் வெச்சுப் பாக்கறேன், எழுபத்தோரு மில்லி. எழுபத்தொண்ணு! எங்க இருபத்திரண்டு, எங்க எழுபத்தொண்ணு! டெஸ்ட்டுக்கு ஒரு வண்டி, டெலிவரிக்கு ஒரு வண்டி, ஸ்ப்ரிங்க மாத்திட்டான்னு தான் நெனச்சேன். லெட்டர் போட்டேன். ஒண்ணில்ல, நாலு லெட்டர். சர்வீஸ் சென்டர்ல க்ளென்னு ஒரு பையன், ரொம்ப மரியாதை, மேடம் எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே மேடம், நாங்க ஓட்டறச்சே நன்னா தான் இருக்குன்னான். நானே அவனோட உக்காந்து பாத்தேன். இருந்துது, இல்லேன்னு சொல்லல, அவா காம்பவுண்டு கேட்டுக்குள்ள நன்னா தான் இருந்துது. அவா தான் ஏதோ மாயம் பண்றான்னு எனக்கு சந்தேகம்.

அதோட விடறாளா? ஒவ்வொரு சர்வீஸ்லயும் டயர்லேர்ந்து காத்தப் பூரா எறக்கி விட்டுடறா! அல்பத்தனம். போன வண்டில காத்து இருந்தபடி திரும்பி வரப்படாதா? நான் நேரா பெட்ரோல் பங்குக்குப் போய் முழு அளவுக்கு அடிச்சுண்டு தான் ஆத்துக்கு வருவேன்... என்ன, என்ன? ஏன் அப்படிப் பாக்கறீங்க? இருங்கோ, குழி வருது... அம்மாடி!

ஆமா, எங்க விட்டேன்? சேஷகிரி. முதல் மாசம் வந்தார், பாவம். மேல கைப்பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டு, பல்லக் கடிச்சுண்டு. நான் என்ன சொன்னேன்? உங்களுக்கு வண்டி பழகல, பயம், உடம்பத் தளர்த்தி விட்டு உக்காருங்கோன்னேன். கத்தினேன்னே வெச்சுக்கோங்கோ. மேல்கோட்டைக்குக் கெளம்பினோம். மண்டியா வந்ததும், ஜெயா, ஓரமா நிறுத்துன்னார். எறங்கி, ஜன்னல் வழியா குனிஞ்சு, நீ போய் தரிசனம் பண்ணிண்டு வா, நான் பஸ்ல ஆத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயே போய்ட்டார்! போனவர் சாயங்காலம் போன்ல சொல்றார், கவர்மென்ட் பஸ்ல முதுகு வலிக்கவே இல்லைன்னு. பதினேழு லட்சம் குடுத்து வாங்கின வண்டிய விட்டுட்டு, டிக்கெட் வாங்கிண்டு போன பஸ்ஸு சுகமாம்! எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கோ. நான் மேல்கோட்டைல புளியோதரைய வாங்கிண்டு படில தனியா உக்காந்திருந்தேன். பொட்டலத்தப் பிரிக்காமலே திரும்பிட்டேன்.

அதுக்கப்புறம் ஏறவே இல்ல. ரெண்டு வருஷம் ஆகப் போறது. நீ போய்ட்டு வா, நீ போய்ட்டு வா. இது ஒண்ணு தான் பேச்சு. கறிகாய் வாங்க, வங்கிக்கு, கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும் நான் வண்டில, அவர் மெட்ரோல. ரெண்டு பேரும் ஒரே மண்டபத்துக்கு ரெண்டு வழியாப் போய்ச் சேர்றோம், பாக்கறவா சண்டையான்னு கேக்கறா. நான் நாலு பேரோட பேசிப் பொழுது போக்கறவ, இளங்கோவன். காலி சீட்டோட எவ்வளவு நாழி பேசறது? அதான் விளம்பரம் குடுத்துட்டேன். போறும். இந்த வண்டி வேண்டாம்.

நீங்க யாருக்கு வாங்கறீங்க? அம்மாவுக்கா? அம்மாவுக்கு முட்டி வலின்னு போன்ல சொன்னீங்க இல்ல? அப்ப நன்னா யோசிச்சுக்கோங்கோ, நான் சொல்லலைன்னு அப்புறம்... என்ன? நிறுத்தணுமா? இங்கயா? ஏன், வாந்தி வராப்ல இருக்கா? பிடிச்சுக்கோங்கோ, பிடிச்சுக்கோங்கோ, சர்ச் கேட் தாண்டி அந்த பேக்கரி முன்னாடி எடம் இருக்கு, ஒரு நிமிஷம்...

இந்தாங்கோ, நிறுத்தியாச்சு. தண்ணி வேணுமா? தாம்பாளத்துத் தண்ணி வேண்டாம், பாட்டில் இருக்கு... எங்க எறங்கி ஓடறீங்க? ஓஹோ. மறுபடியும் டயரா?

டயர்ல என்ன? நடுவுல மட்டும் தேஞ்சிருக்கா? எங்க, காட்டுங்கோ. இருங்கோ, கண்ணாடிய மாட்டிக்கறேன்... ஆமா. ஓரம் ரெண்டும் புதுசா இருக்கு, நடு மட்டும் வழவழன்னு இருக்கு. இது கம்பெனிக்காரன் குடுத்த மட்டமான ரப்பர் தானே? இல்லையா? அடுகோடில உங்க கடைல தெனம் இதத் தான் பாக்கறீங்களா? ஓ, நீங்க வீல் அலைன்மென்ட் பண்றவரா? முதல்லயே சொல்லப்படாதோ!

காத்து எவ்வளவு அடிக்கறேனா? நல்ல கேள்வி கேட்டீங்க! இது ஒண்ண மட்டும் யாரும் என்கிட்ட குறை சொல்ல முடியாது. நாப்பத்தி நாலு. நாலு சக்கரத்துலயும் நாப்பத்தி நாலு, அரை பாயின்ட் அப்படி இப்படி இருக்காது. ஞாயித்துக்கிழமை காலம்பர ஆறரைக்கு, வண்டி ஓடறதுக்கு முன்னாடி, டயர் சூடாகறதுக்கு முன்னாடி, என் சொந்த கேஜ் வெச்சுப் பாப்பேன். பங்குல இருக்கற கேஜ நம்பவே மாட்டேன். அங்க அடிக்கற பையன் முப்பத்தி மூணு போடட்டுமா மேடம்பான். ஏண்டா, டயர் மேல நாப்பத்தி நாலுன்னு அச்சடிச்சிருக்கு, நீ முப்பத்தி மூணு போடறியே, மீதிப் பதினொண்ணு எங்கடா போச்சுன்னு விட்டேன் ஒரு டோஸ்! பாக்கெட்டுல ஐநூறு கிராம்னு போட்டிருந்தா ஐநூறு இருக்கணும். நானூத்தித் தொண்ணூறு இருந்தா கேஸ். டெலிவரி எடுத்த அன்னிக்கே பாத்தேனே, ஷோரூம்காரனும் முப்பத்தி மூணு தான் அடிச்சு வெச்சிருந்தான். திருட்டுப் பசங்கன்னு அங்கயே முழுசா...

ஏன் சிரிக்கறீங்க?

சிரிக்கலையா. சரி. இங்க தானே அச்சடிச்சிருக்கு, குனிஞ்சு பாருங்கோ. நாப்பத்தி நாலு. அதுக்கு முன்னாடியா? அதுக்கு முன்னாடி... எம், ஏ, எக்ஸ். மேக்ஸ். மேக்ஸிமம் நாப்பத்தி நாலு. ஆமா, மேக்ஸிமம்னா... அதுக்கு மேல போகப்படாதுன்னு... இருங்கோ, இருங்கோ. அவ்வளவு அடிச்சே ஆகணும்னு இல்லையா? ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு அடிக்கணும்னு தனியா ஸ்டிக்கர் இருக்குமா? எங்க? ட்ரைவர் கதவத் தொறந்தா, அந்தத் தூண்லயா? அங்க ஒண்ணும் இல்லையே, நான் தெனம் ஏறி எறங்கறேனே... அது பொட்டு வெச்ச எடம் இல்ல? ஆயுத பூஜைக்கு அங்க தான் சந்தனம் குங்குமம் வெப்பேன். பானெட்டுல வெச்சா பெயின்ட் போயிடும்னு, கதவுக்கு உள்பக்கமா, யாருக்கும் தெரியாத எடமா... நீங்க சொரண்டாதீங்கோ, நானே தொடைக்கறேன். தலைப்பு அழுக்கானா ஆகட்டும்.

...ஃப்ரன்ட் முப்பத்தி மூணு.

ரியர் முப்பத்தி மூணு.

...

கொஞ்சம் இருங்கோ, இந்த பேக்கரிப் படில உக்காந்துக்கறேன். எழுபத்தோரு மில்லிக்கும் காரணம் நான் தானா? அந்த க்ளென் பாவம், அவன் ஒழுங்கா முப்பத்தி மூணு அடிச்சு அனுப்பினான், அதனால தான் அவா கேட்டுக்குள்ள நன்னா ஓடித்து. நான் பங்குக்குப் போய் பாறாங்கல்லா ஆக்கிண்டு வந்திருக்கேன், ரெண்டு வருஷமா, வாரம் தவறாம! மேக்ஸிமம்னா என்னன்னு எனக்கா தெரியாது? எம்.ஆர்.பி.க்கு மேல வித்தவன் மேல எத்தனை கேஸ் போட்டிருக்கேன்! மேக்ஸிமம்னா உச்சவரம்பு, கீழ எவ்வளவு வேணா இருக்கலாம்னு கடைக்காரனுக்கு நானே க்ளாஸ் எடுத்திருக்கேன். வண்டின்னு வந்ததும் அது ஏன் புத்திக்கு எட்டல? பெருசா நம்பர் தெரிஞ்சுது, கம்மியா இருந்துது, கோவம் வந்துடுத்து. அவ்வளவு தான்.

எறக்கிப் பாக்கலாமா? கேஜ் பைல இருக்கு, இந்தாங்கோ. அது துல்லியம், பயப்படாம நம்புங்கோ. ஐயோ, அந்த சத்தம்! நாப்பது... முப்பத்தெட்டு... போறும் போறும்... இல்ல, போறாது, இன்னும். முப்பத்தி மூணு. அடுத்த சக்கரம். என்ன பேக்கரிக்காரர் எட்டிப் பாக்கறார்? ஏனு இல்லா சார், காளி பிடுத்தா இதீவி அஷ்டே! காத்து எறக்கறதக் கூடவா வேடிக்கை பாப்பா!

வாங்கோ, ஏறுங்கோ. சர்ச்சச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு. முன்னாடி ரெண்டு ஹம்ப் இருக்கு, ரெண்டாவது ரொம்பப் பொல்லாதது... வரது... பிடிச்சுக்கோங்கோ...

...

...தாண்டிடுத்தா?

தாண்டிடுத்தே! இளங்கோவன், இது தான்! ஷோரூம்ல ஓடின வண்டி இது தான்! ஏறித்து, எறங்கித்து, அடங்கிடுத்து! இன்னொரு தரம் போறேன், இருங்கோ... பாத்தீங்களா! நம்ம பாட்டுக்கு உக்காந்திருக்கலாம், தூங்கலாம், புளியோதரை சாப்பிடலாம்!

அதே பேக்கரி முன்னாடி நிறுத்திக்கறேன்.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்கோ. எங்காத்து வாசல்ல டயரத் தொட்டுப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்ல? தெரிஞ்சுது. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா இந்த வண்டிய நான் கேட்ட வெலைக்கும் கீழ தூக்கிக் குடுத்திருப்பேன். எடுத்துண்டு போய் அடுகோடில காத்த எறக்கி விட்டிருந்தா, உங்க அம்மாவுக்குப் புது வண்டி. ஆனா நீங்க அப்பவே சொல்ல வந்தீங்க. வழியிலயும் ரெண்டு தரம் வாயெடுத்தீங்க. நான் தான் விடல. என்னத்துக்காக விடல? ஆட்டோக்காரனத் திட்டறதுக்கு. சன்ரூஃப் கதை சொல்றதுக்கு. முப்பத்தோரு வருஷத்துல எத்தனையோ கடைக்காரன் பொய் சொல்லி நான் பாத்திருக்கேன், இளங்கோவன். தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் நெஜத்தச் சொன்னவா கைவிரல் விட்டு எண்ணிடலாம். நான் உங்களுக்கு நமஸ்காரம் பண்ணணும், வயசு தான் குறுக்க நிக்கறது.

வண்டி விக்கல. மன்னிச்சுக்கோங்கோ, இனிமே யார் கேட்டாலும் விக்கப் போறதில்ல. அதுக்கு பதிலா ஒண்ணு பண்றேன். உங்க அம்மாவுக்கு நல்ல வண்டியா நானே கூட வந்து பாத்துத் தரேன். எந்த ஷோரூம், எந்த பழைய வண்டி யார்டு சொல்லுங்கோ. நாளைக்கு நாலு வண்டி, நாளன்னிக்கு நாலு. டம்ளரும் தாம்பாளமும் எடுத்துண்டு வந்துடறேன், ஒண்ணொண்ணும் பதினாலு ஹம்ப், ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு ரவுண்டு. சேல்ஸ்காரா பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கறேன், நீங்க வாயே தொறக்க வேண்டாம்... என்ன, டீயா? சாப்டுட்டு வாங்கோ, சாப்டுட்டு வாங்கோ, பேக்கரில பண்ணு நன்னா இருக்கும். அதுக்குள்ள இவருக்கு ஒரு போன் போட்டுடறேன்.

என்னன்னு சொல்றது இவர்கிட்ட? கம்பெனில ஏதோ கோளாறு, இன்னிக்கு ஒருத்தர் சரி பண்ணிட்டார்னு சொல்லிடலாமா? அது பொய்யும் இல்ல, நீங்க தானே சரி பண்ணீங்க... இளங்கோவன்? டீ குடிக்கறேன்னு... அது யாரு, அந்த ஆட்டோல? கைய ஆட்டறார் பாருங்கோ! ஓடிட்டார் மனுஷன். பண்ணு கூட வாங்கல. நல்ல பையன், நன்னா இருக்கட்டும்.

ரிங் போறது...

ஹலோ? நான் தான். எங்கயா, விவேக் நகர்ல. இல்ல, விக்கல. விக்கப் போறதுமில்ல. கேளுங்கோ, வண்டி சரியாயிடுத்து! கம்பெனில ஏதோ... கம்பெனில...

கம்பெனி மேல தப்பில்ல. உங்க முதுகு மேலயும் தப்பில்ல. நீங்க பயப்பட்டதும் இல்ல, நான் தான் உங்க மேல கத்தினேன். தப்பு பூரா என் மேல தான். காத்து ஜாஸ்தி அடிச்சுட்டேன், ரெண்டு வருஷமா. முப்பத்தி மூணு அடிக்க வேண்டியதுக்கு நாப்பத்தி...

தெரியுமா?

என்னது, தெரியுமாவா? எப்போலேர்ந்து? ...முதல் வாரத்துலேர்ந்தா! எப்படித் தெரியும்? ...வண்டியோட வந்த புஸ்தகத்தப் பூரா படிச்சேளா? முன்னூறு பக்கத்தையுமா? ...பென்சில்ல கோடு போட்டு, அந்தப் பக்கத்தத் தொறந்து டைனிங் டேபிள்ல என் எடத்துல வெச்சேளா. ...நான் அது மேல பேப்பரப் போட்டு வெண்டைக்கா நறுக்கினேனா. அப்படியா பண்ணேன்? சரி, வாய் விட்டுச் சொல்றதுக்கென்ன? ...சொன்னேளா? எத்தனை தரம்? ...மண்டியாலயுமா? ஜன்னல்ல குனிஞ்சேளே, அப்பவா? நான் என்ன பண்ணிண்டிருந்தேன் அப்போ?

...பேசிண்டிருந்தேனா.

...

சிரிக்காதீங்கோ. இல்ல, சிரிங்கோ, பரவால்ல. நீங்க சிரிச்சுக் கேட்டு ரொம்ப நாளாச்சு. கீழ எறங்கி வந்து நிக்கறேளா? இருபது நிமிஷத்துல வந்துடறேன். எங்கயும் தூரமா வேண்டாம், லால்பாக்கைச் சுத்தி ஒரு ரவுண்டு, முதுகு என்ன சொல்றதுன்னு பாக்கலாம். ...செருப்பு போட்டுண்டாச்சா? அதுக்குள்ளயா!

இருங்கோ, வெக்காதீங்கோ. இந்த ரெண்டு வருஷத்துல வேற என்னெல்லாம் சொன்னேள், நான் காதுல வாங்காதது? ...நெறயவா. இருக்கட்டும், அவசரம் இல்ல. வண்டிய ஓரமாத் தான் நிறுத்தியிருக்கேன், எஞ்சினையும் அணைச்சுட்டேன். ஒண்ணொண்ணா சொல்லுங்கோ. நான் பேசல.

...ம்.

...ம்.

...ம்ம்.